பச்சையில் இருந்தவள்

ஜூன் 12, புதன்

ஒன்பதாம் வகுப்பு இந்த வருடமும் என் தலையில்தான். ‘அ’ பிரிவு அறையில் கூரைச் சுண்ணாம்பு பெயர்ந்து விழுகிறது என்று பூட்டிவிட்டார்கள். இரண்டு பிரிவையும் சேர்த்துப் பெரிய ஹாலில் உட்கார வைத்திருக்கிறார்கள். எழுபத்தொரு பிள்ளைகள். ஹாலுக்கு நடுவில் ஒரு தூண் வேறு. தலைமையாசிரியை பிரபாவதி மேடம், “ரெண்டு மாசம் சமாளிங்க தமயந்தி. உங்களால முடியும்” என்றார். கூடுதல் வேலை கொடுக்கிறவர்கள் எல்லோருமே முதலில் புகழ்ந்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள்.

கணக்கில் ஒரு கேள்வி கேட்டால் அதே நான்கு கைதான் எழும்புகிறது. மற்றவர்கள் தூணைப் பார்க்கிறார்கள். புரிந்ததா என்றால், “புரிஞ்சது டீச்சர்” என்று கோரஸ். இருபத்து நான்கு வருடமாக இந்தக் கோரஸைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளும் நம்பியதில்லை. ஆனால் யாருக்குப் புரியவில்லை என்று கண்டுபிடிக்கவும் வழி தெரியவில்லை.

தொண்டை எரிகிறது. இவர் மிளகுப் பால் போட்டுக் கொடுத்தார். மிளகு மட்டும்தான் இருந்தது, பாலைக் காணோம்.

ஜூன் 17, திங்கள்

போன வருடப் பயிற்சியில் ஒரு சார் காட்டிய அட்டை முறையை முயன்று பார்க்கலாம் என்று இறங்கிவிட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சதுர அட்டை. அதில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு வடிவம், பிள்ளைக்குப் பிள்ளை வேறு. நான்கு ஓரத்திலும் பொடி எழுத்தில் அ, ஆ, இ, ஈ. நான் கேள்வி கேட்டதும் எந்த விடை சரி என்று நினைக்கிறார்களோ அந்த எழுத்து மேலே வரும்படி பிடிக்க வேண்டும். நான் போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒருமுறை திருப்பினால் போதும். சரியாகச் சொன்னவர் பெயர் பச்சை, தப்பென்றால் சிவப்பு. பக்கத்துப் பிள்ளைக்குக்கூட அடுத்தவர் என்ன சொன்னார் என்று தெரியாது.

ஜெராக்ஸ் எடுத்துப் பழைய காலண்டர் அட்டைகளில் ஒட்டினேன். வீடெல்லாம் பசை. “ஒன் பிள்ளைங்க காலண்டர்ல முருகன் படத்த வச்சுக்கிட்டுக் கணக்குப் போடப் போகுது” என்றார் இவர்.

ஜூன் 19, புதன்

இன்றைக்கு நடந்ததை விளக்கமாக எழுத வேண்டும்.

மைனஸ் மூன்று, மைனஸ் ஐந்து. இரண்டையும் சேர்த்தால் என்ன? சும்மா ஒரு நினைவூட்டலுக்காகத்தான் கேட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து போடுகிற கணக்கு. போனைத் திருப்பினேன். திரை முழுக்கச் சிவப்பு. பாதி வகுப்புக்கு மேல் ‘ப்ளஸ் எட்டு’ என்று சொல்லியிருந்தது. மைனஸும் மைனஸும் சேர்ந்தால் ப்ளஸ் என்று பெருக்கலுக்குச் சொன்னதை எல்லாவற்றுக்கும் பிடித்துவைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் இத்தனை வருடம் நான் யாருக்குப் பாடம் நடத்தினேன்? பாடத்தை நிறுத்திவிட்டுக் கடன் கணக்காகச் சொன்னேன். கடைக்காரருக்கு மூன்று ரூபாய் தர வேண்டும், பால்காரருக்கு ஐந்து ரூபாய் தர வேண்டும், மொத்தம் உன் கையில் எட்டு ரூபாய் இருக்கிறதா? சிரித்தார்கள். திரும்பக் கேட்டேன். ஆறு பெயர்தான் சிவப்பு.

பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். கண்டக்டர் ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஜூன் 21, வெள்ளி

முறை ஒன்று அமைந்துவிட்டது. காலையில் ஐந்து கேள்வி. சிவப்பு வாங்கியவர்களை மதியம் முன்வரிசையில் உட்கார வைத்துத் தனியாக நடத்துகிறேன். பச்சைக்காரர்கள் தாமே பார்த்துக்கொள்வார்கள்.

ரூபிகா என்றொரு பெண், எப்போதும் சிவப்பு. நான்கில் எதைப் பிடித்தாலும் நிகழ்தகவுப்படி ஒன்றாவது சரியாக வர வேண்டுமே, அதுகூட இல்லை. அவளுக்கு நேர்மாறு அவள் பக்கத்தில் இருக்கும் சிவசக்தி. முப்பத்தொன்றாம் எண். நெட்டையான பெண் என்பதால் கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால். ஐந்துக்கு ஐந்து. பேசவே மாட்டாள். இவளைப் பற்றி நான் கவலைப்பட வேண்டியதே இல்லை. எழுபத்தொன்றில் இப்படிச் சில பேராவது இருக்கிறார்களே என்று நிம்மதி.

ஜூன் 26, புதன்

வருகைப் பதிவையும் இதிலேயே சேர்த்துவிட்டேன். அட்டை திரையில் விழுந்தால் பிள்ளை வந்திருக்கிறது என்று அர்த்தம். பெயர் கூப்பிட்டு, “உள்ளேன் டீச்சர்” கேட்டு, கால் மணி நேரம் வீணாக்குவது மிச்சம். அதோடு பெற்றோர் போனுக்குத் தானாக ஒரு செய்தி போகிறது: ‘உங்கள் மகள் இன்று வகுப்பில் இருந்தார். வினாக்கள்: ஐந்துக்கு நான்கு.’ வாசகம் நான் எழுதியதுதான்.

முன்பெல்லாம் ஒரு பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் வீட்டுக்கே நடந்து போய்விடுவேன். முட்டி வலி வந்ததிலிருந்து சிரமமாக இருக்கிறது. இனி அந்த அலைச்சலும் இல்லை. இன்று வராத ஒருத்திக்குச் செய்தி போகாததைப் பார்த்து அவளுடைய அப்பாவே போன் செய்துவிட்டார்.

ஜூலை 3, புதன்

கேஸ் தீர்ந்துவிட்டது. இண்டக்ஷன் அடுப்பில் தோசை வரவில்லை. இரவும் உப்புமா.

ஜூலை 9, செவ்வாய்

ரூபிகா இன்று ஐந்துக்கு நான்கு! திரையை இரண்டு முறை பார்த்தேன். நேற்று மூன்று, இன்று நான்கு. மதியம் முன்வரிசைக்குக் கூப்பிட வேண்டிய தேவையே இல்லை. “என்னடி ஆச்சு ஒனக்கு?” என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள். சங்கோஜம்.

அடிக்காமல், திட்டாமல், நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தாமல் விட்டால் ஒரு பிள்ளை இப்படித்தான் தானாக எழுந்து வரும். இதை எங்கேயாவது எழுத வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம். அடுத்து ஆடி பிறந்துவிட்டால் கல்யாணம் கிடையாது என்று எல்லோரும் இன்றைக்கே வைத்துக்கொள்கிறார்கள். ஊரெங்கும் ஒலிபெருக்கி. வகுப்பில் பன்னிரண்டு பேர் மட்டம். வந்தவர்களில் முழுப் பச்சை ஒன்பது பேர். ரூபிகாவும் அதில் ஒருத்தி. சிவசக்தி வழக்கம்போல.

சாயங்காலம் எங்கள் தெருவிலும் ஒரு வரவேற்பு. பால் பாயசம் நன்றாக இருந்தது. மைக் செட்டுதான் காதைக் கிழித்தது.

ஜூலை 18, வியாழன்

இந்த வாரம் முழுக்கத் திண்டுக்கல்லில் பயிற்சி. இந்த முறை நான் கற்றுக்கொள்கிறவள் இல்லை, கற்றுக்கொடுக்கிறவள். நாற்பது ஆசிரியர்கள் முன்னால் அட்டை முறையைச் செய்து காட்டினேன். ரூபிகாவின் கதையைச் சொன்னதும் கைதட்டல். “பச்சையைப் பார்த்துக்கிட்டே இருக்காதீங்க. சிவப்புதான் உங்க வேலை” என்றேன். ஒரு சார் அதைக் குறித்துக்கொண்டார்.

என் வகுப்பை இந்த வாரம் அறிவியல் டீச்சர் பார்த்துக்கொள்கிறார். அவர் போனில் ஆப்பைப் போட்டுக்கொடுத்திருக்கிறேன். ஆடித் தள்ளுபடியில் இரண்டு நைட்டி எடுத்தேன்.

ஜூலை 24, புதன்

தமிழய்யா குருநாதன் ஸ்டாஃப் ரூமில் என்னிடம், “ஏம்மா, அந்த சிவசக்தி எங்க? கட்டுரை நோட்டு வைக்கல. ஆளையும் காணோமே” என்றார்.

“வருதே ஐயா.”

“நான் கொஞ்ச நாளாவே பாக்கலம்மா.”

“தூணுக்குப் பின்னாடி உக்காந்திருக்கும். உங்களுக்குக் கண்ணாடி மாத்தணும்” என்று சொல்லிப் போனை எடுத்துக் காட்டினேன். காலை ஒன்பது நாற்பதுக்கு அவள் பெயர் பச்சையில் இருந்தது. ஐந்துக்கு ஐந்து. ஐயா திரையையே சற்று நேரம் பார்த்துவிட்டு, “மிஷின் சொன்னா சரிதான்” என்று எழுந்து போனார். கொஞ்சம் கோபம் என்று நினைக்கிறேன். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறவர்களுக்குப் புதிதாக எது வந்தாலும் பிடிப்பதில்லை.

ஜூலை 30, செவ்வாய்

மாவட்டத்திலிருந்து வந்து என் வகுப்பை வீடியோ எடுத்தார்கள். பிரபாவதி மேடம் புதுப் புடவை. கேமராக்காரர் முன்வரிசையை மட்டும் எடுத்தார், பின்னால் வெளிச்சம் இல்லையாம். ரூபிகாவை நிறுத்தி, “முன்ன கணக்கு வராது, இப்ப வருதாமே, எப்படி?” என்று கேட்டார்கள். அவள், “படிச்சேன்” என்றாள். அவ்வளவுதான். பிறகு அழ ஆரம்பித்துவிட்டாள். நிற்காமல் அழுதாள். கேமராக்காரர் நெகிழ்ந்துபோய், “இது போதும் மேடம், இதுதான் வேணும்” என்றார்.

எனக்கும் கண் கலங்கியது. சுதந்திர தினத்தன்று எனக்கு ஒரு சான்றிதழ் இருக்கும் என்று மேடம் காதில் சொன்னார்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. இவரோடு ஆற்றங்கரை அம்மன் கோயிலுக்குப் போனேன். தண்ணீர் முழங்கால் அளவுதான், கூட்டமோ கழுத்தளவு. புதுப்பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தாலிக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமான முதல் ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள் அல்லவா, அப்படி வந்த பெண்கள்.

அதில் ஒருத்தி சிவசக்தியின் சாயலில் இருந்தாள். அரக்குப் பட்டு, கழுத்தில் புது மஞ்சள் கயிறு. என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்காவாக இருக்கும். அவளுக்கு அக்கா இருக்கிறாளா என்று தெரியவில்லை.

சித்ரான்னம் நன்றாக அமைந்தது. தேங்காய்ச் சாதத்தில்தான் உப்பு கம்மி.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மாவு அரைத்தேன். துணி துவைத்தேன். பீரோவை ஒழித்தேன்.

“நேத்துலேருந்து என்னமோ மாதிரி இருக்கியே, யாரையாவது பாத்தியா?” என்றார் இவர். இல்லை என்றேன். வெள்ளிக்கிழமைப் பதிவைத் திறந்து பார்த்தேன். முப்பத்தொன்று, பச்சை. ஐந்துக்கு ஐந்து. ஆகவே அது அவள் இல்லை. சேலை கட்டினால் எல்லாப் பெண்ணும் ஒரே மாதிரி தெரிவார்கள்.

தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

போனைக் கைப்பையிலேயே வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். பெயர் கூப்பிட்டேன். பிள்ளைகளுக்கு ஆச்சரியம். மறந்துபோன பழக்கம், சில பேர் “உள்ளேன்” சொல்லவே தடுமாறினார்கள்.

“சிவசக்தி.”

பதில் இல்லை. எழுபது பிள்ளைகளும் தூணைப் பார்த்தார்கள். தூணைச் சுற்றிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனேன். ரூபிகாவுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. ரூபிகா எழுந்து நின்றாள். அவள் இரண்டு கையிலும் கைக்கொரு அட்டை.

வெளியே அழைத்து வந்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன். அழுது முடிக்கும்வரை காத்திருந்தேன்.

“அவங்கம்மாதான் டீச்சர் சொன்னாக. பத்து நாள் ஊருக்குப் போறோம், லீவு போட்டா ஒங்க டீச்சர் வீட்டுக்கு வந்து நின்னுருவாக, நீ இதையும் சேத்துத் தூக்கிருன்னாக. வந்துருவான்னுதான் டீச்சர் நெனச்சேன்.”

“கல்யாணம்னு தெரியுமா?”

“பெறகுதான் தெரிஞ்சுச்சு. ஆனிக் கடைசி முகூர்த்தத்துல அவ மாமாவுக்கே கட்டிவச்சுட்டாக, திருப்பூர்ல. சொன்னா போலீசு வரும், என்னையும் பிடிக்கும்னு அவங்கம்மா சொன்னாக.”

பிறகு தானாகவே சொன்னாள்: “அவ அட்டை தப்பாக் காட்டுனா நீங்க அவளக் கூப்பிடுவீகல்ல டீச்சர். அதான் நல்லாப் படிச்சேன். அவ கணக்கு தப்பாயிரக் கூடாதுன்னு தெனமும் படிச்சேன்.”

நாற்பது ஆசிரியர்கள் கைதட்டியது இதற்குத்தான். பயத்தில் படித்த பிள்ளையை வைத்து நான் மேடையில் பேசியிருக்கிறேன்.

சிவசக்திக்குப் பதினான்கு வயது. ஜூலை எட்டாம் தேதியிலிருந்து அவள் வகுப்பில் இல்லை. நான்கு வாரம். நான் தினமும் அவளுக்கு வருகை போட்டிருக்கிறேன்.

மதியமே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்தார். காட்டன் சுடிதார், தோளில் பெரிய பை, வெயிலில் முகம் கறுத்திருந்தது. நேற்று சிவசக்தி வீட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். அவளுடைய அம்மா பஞ்சவர்ணம் நூற்பாலையில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர். அப்பா இல்லை.

“பொண்ணு கழுத்துல ஒண்ணும் இல்ல டீச்சர். சுடிதார் போட்டு உக்கார வச்சிருந்தாங்க. கல்யாணம் ஆச்சான்னா, ‘நான் ஸ்கூலுக்குத்தான் போறேன்’னு சொல்லுது. வேற வார்த்தை வரல.”

“நான் கோயில்ல பார்த்தேன் மேடம். மஞ்சக் கயிறு கட்டியிருந்தா.”

“அவங்கம்மா போனை எடுத்துக் காட்டுறாங்க டீச்சர். ஜூலை பன்னெண்டு, கல்யாணம் நடந்ததா நீங்க சொல்ற அன்னைக்கு, ‘உங்கள் மகள் இன்று வகுப்பில் இருந்தார். ஐந்துக்கு ஐந்து.’ உங்க ஸ்கூல்லேருந்து வந்தது. தினமும் வந்திருக்கு. ஸ்கூல்ல இருந்த பிள்ளைக்குத் திருப்பூர்ல எப்படிக் கல்யாணம் நடக்கும்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்ல?”

அந்த வாசகத்தை எழுதியவள் நான். முற்றுப்புள்ளி எங்கே வைப்பது என்றுகூட யோசித்து எழுதினேன்.

“நீங்க கோயில்ல பார்த்தேங்கிறீங்க. உங்க பதிவு வகுப்புல இருந்தாங்குது. ரெண்டுல எது உண்மைன்னு நீங்கதான் எழுதிக் கொடுக்கணும். ஆடி முடிஞ்சா பொண்ணைத் திருப்பூருக்கு அனுப்பிருவாங்க. அதுக்குள்ள வேணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆடி முடிய இன்னும் ஒன்பது நாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பிரபாவதி மேடம் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

“எழுதிக் கொடுத்தா என்ன ஆகும்னு தெரியுமா தமயந்தி? பொய் வருகை. சம்பளத்துல கை வைப்பாங்க, சஸ்பெண்ட் பண்ணுவாங்க. அந்த வீடியோ எல்லா ஸ்கூலுக்கும் போயாச்சு. எனக்கும்தான் கேள்வி வரும்.”

“அப்ப அந்தப் பிள்ளை?”

“நான் மட்டும் என்ன கல்லா? ஆப்ல கோளாறுன்னு எழுதுங்க. அது பாட்டுக்கு மார்க் பண்ணிருச்சுன்னு. யாருக்கும் சேதாரம் இல்ல.”

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. வெளியே வந்து அந்த அலுவலர் பெண்ணுக்குப் போன் செய்து கேட்டேன். “கோளாறுன்னு எழுதினா அந்த ஆப் கம்பெனிக்கு எழுதிக் கேக்கணும் டீச்சர். பதில் வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் உங்க பதிவு பதிவாத்தான் இருக்கும்” என்றார்.

கோளாறும் இல்லையே. காட்டிய அட்டையை அது சரியாகத்தான் படித்தது. அட்டைக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை, என் வேலை.

ஆகஸ்ட் 10, சனி

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து போய் வாசல் விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பையனுக்கு இன்னும் இரண்டு வருடம் காலேஜ் இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டிருந்திருப்பார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

“எழுதலைன்னா ஒன்னால பாடம் நடத்த முடியுமா?” என்று கடைசியில் கேட்டார்.

முடியாது என்றேன்.

“அப்ப எழுதிரு. ரெண்டு பேருக்கும் சாப்பாடு எறங்கும்.”

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். ரூபிகாவின் பெயர் இல்லாமல் எழுத வேண்டும் என்பதுதான் சிரமமாக இருந்தது.

ஆகஸ்ட் 12, திங்கள்

கொடுத்துவிட்டேன். ‘ஜூலை எட்டு முதல் ஆகஸ்ட் இரண்டு வரை மாணவி சிவசக்தி என் வகுப்பில் இல்லை. மாணவிகளின் முகத்தைப் பார்க்காமல் வருகை பதிவு செய்துவந்தேன். பயிற்சிக்குச் சென்ற வாரத்துக்கும் நானே பொறுப்பு.’ அவ்வளவுதான். யார் அட்டையைத் தூக்கியது என்று கேட்டார்கள். நான் பார்க்கவில்லை என்றேன். அதுவும் உண்மைதானே.

பிரபாவதி மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை. தமிழய்யா ஒரு டீ வாங்கிவரச் சொல்லி என் மேஜையில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “நானும் ஒரு எட்டு வீட்டுல போய்ப் பாத்துருக்கலாம்மா. மிஷின் மேல பழியப் போட்டுட்டு உக்காந்துட்டேன்” என்றார்.

ஆகஸ்ட் 14, புதன்

சிவசக்தியை நேற்று திண்டுக்கல் பெண்கள் இல்லத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை மேலும் பஞ்சவர்ணம் மேலும் வழக்கு.

பள்ளி விடும் நேரத்தில் பஞ்சவர்ணம் கேட்டில் நின்றிருந்தார். மில் சட்டையோடு, தலையெல்லாம் பஞ்சு. சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

“ஆஜர் போட்டது நீங்கதான டீச்சர்? இப்ப இல்லேன்னு எழுதிக் குடுத்ததும் நீங்கதானா?”

ஆமாம் என்றேன்.

“ராத்திரி ஷிப்டுக்கு வேன் ஏறுனா விடியுற வரைக்கும் வீட்டுல வயசுப்புள்ள ஒத்தையில கெடக்கும். கதவத் தட்டிட்டு ஓடுறானுக. யாருட்டச் சொல்றது? என் தம்பி நல்லவன், அடிக்க மாட்டான்னு குடுத்தேன். தப்புன்னா அன்னைக்கே வந்து தடுத்துருக்கலாம்ல. நீங்கதான் யாரு வரலேன்னாலும் வீட்டுக்கு வந்து நிக்கிற டீச்சராச்சே. நானே பயந்துக்கிட்டுத்தான இருந்தேன். தெனமும் போனுல மெசேஜ் வந்துச்சு, இருக்கா இருக்கான்னு. பெறகு எனக்கும் பயம் விட்டுப்போச்சு.”

கூட்டம் கூடியது. அவர் மூக்கைச் சிந்திவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். வேலைக்குப் போகாவிட்டால் ஆள் மாற்றிவிடுவார்களாம்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றினார்கள். பூந்தி கொடுத்தார்கள். சான்றிதழ் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

குற்றக் குறிப்பாணை வந்துவிட்டது. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். விசாரணை முடியும்வரை ஊதிய உயர்வு நிறுத்தம். சஸ்பெண்ட் இல்லை. சஸ்பெண்ட் செய்தால் கணக்குக்கு வேறு ஆள் இல்லை.

வகுப்பில் அட்டை முறையை நிறுத்தச் சொன்னார்கள். நான் நிறுத்த மாட்டேன் என்றேன். சிவப்பில் இருக்கும் பிள்ளைகளை மறுபடி இருட்டில் விட எனக்கு மனம் இல்லை. வருகையை மட்டும் வாயால் கூப்பிட்டு எடுக்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறேன். கால் மணி நேரம் ஆகிறது. ஆகட்டும்.

ரூபிகா மாதத் தேர்வில் கணக்கில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். தாளைக் கொடுத்தபோது மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். யாரிடமும் காட்டவில்லை.

செப்டம்பர் 14, சனி

இல்லத்துக்குப் போனேன். அனுமதிக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. ஆரஞ்சும் ஒரு கணக்குப் புத்தகமும் வாங்கிப் போயிருந்தேன்.

சிவசக்தி வந்து எதிரில் உட்கார்ந்தாள். பச்சைச் சுடிதார், இரட்டைச் சடை. கொஞ்சம் இளைத்திருக்கிறாள். பக்கத்துப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்களாம். சாப்பாடு பரவாயில்லையாம். கேட்டதற்கெல்லாம் ஒரு வார்த்தையில் பதில். ரூபிகா முதல் மதிப்பெண் வாங்கினாள் என்றதும் மட்டும் சிரித்தாள். “மூணு வருசமாச் சொல்லிக் குடுத்தேன் டீச்சர், அப்பல்லாம் வரல அவளுக்கு” என்றாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“அதிகாரிங்க வீட்டுக்கு வந்தப்ப ஏம்மா ஒண்ணும் சொல்லல?” என்று கேட்டேன். இதைக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் ஒரு மாதமாக இதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆரஞ்சை உரித்தபடியே சொன்னாள்.

“கல்யாணத்துக்கு முந்தி அந்த நாலு நாளும் நீங்க வருவீங்கன்னுதான் டீச்சர் இருந்தேன். திருப்பூரா இருந்தா என்னா, கேட்டுக்கிட்டு வந்துருவீங்கன்னு நெனச்சேன். தாலி கட்டி முடிச்சு சாப்பிட உக்காந்துருந்தோம். அம்மா போனுக்கு மெசேஜ் வந்துச்சு. அம்மா என்கிட்டக் காட்டுனாக. ‘பாத்தியா, ஒங்க டீச்சரே ஆஜர் போட்டுட்டாக, அவுகளுக்கும் சம்மதந்தான்’னாக. ஐந்துக்கு ஐந்துன்னு வேற போட்டுருந்துச்சு. நான் எந்தக் கேள்விக்கும் பதிலே சொல்லலையே. அப்ப நீங்களும் தெரிஞ்சுதான் செய்றீங்கன்னு நெனச்சேன். கோயில்ல பாத்தப்பக்கூட நீங்க பாத்துட்டுப் போயிட்டீங்க. அப்புறம் யார்கிட்ட என்னத்தச் சொல்ல?”

அவள் நினைத்ததை நினைத்தபடியே விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நிஜம் அதைவிட மோசமாக இருந்தது.

“எனக்குத் தெரியாதும்மா. நான் ஒன் முகத்தப் பாக்கல. அட்டையத்தான் பாத்தேன். நீ இல்லைங்கிறதே எனக்குத் தெரியாது.”

“தெரியவே தெரியாதா?”

“தெரியாது.”

“நாலு வாரமா?”

“நாலு வாரமா.”

சுளையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் என்னைப் பார்த்தாள். வகுப்பில் இருந்த நாட்களில் அவள் என்னை இப்படி நேராகப் பார்த்ததில்லை. நானும் அவளைப் பார்த்ததில்லை.

“ஒங்க மேல கோவமா இருந்தேன் டீச்சர்” என்றாள். “தெரிஞ்சே விட்டுட்டீங்கன்னு. தெனமும் படுக்கும்போது ஒங்களத் திட்டிக்கிட்டேதான் படுப்பேன். இப்ப அதுவும் இல்லாமப் போச்சு.”

வார்டன் சாப்பிடக் கூப்பிட்டார். “வர்றேன் டீச்சர்” என்று எழுந்து போனாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டாள், ஆரஞ்சுப் பையை மறந்துவிட்டாள். அதை வார்டனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பஸ் நிலையம் வரை அழுதுகொண்டே நடந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.